மாதாமாதம் வரும் செலவு: வயதான பெற்றோரைப் பராமரிக்கப் பணத்தைத் திட்டமிடுவது எப்படி?

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது வயது 71. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தார். பில்லில் பாதியைக் காப்பீடு தாங்கியது, மீதியைச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினோம். பெரிய செலவு முடிந்துவிட்டது என்றுதான் நானும் தங்கையும் நினைத்தோம். அதன்பிறகு அம்மா ஆறு ஆண்டுகள் இருந்தார். வலது கையும் காலும் கடைசிவரை திரும்பவில்லை. அந்த ஆறு ஆண்டுகளில் வீட்டில் ஆன செலவை நோட்டில் கூட்டிப் பார்த்தால், மருத்துவமனைப் பில் அதில் ஒரு மூலைக்குத்தான் வரும்.

மருத்துவச் செலவு ஒரே அடியாக வரும். அப்போது காப்பீடு இருக்கும், அரசுத் திட்டம் இருக்கும், சொந்தக்காரர்களும் கையில் ஏதாவது கொடுத்துவிட்டுப் போவார்கள். பராமரிப்புச் செலவு வீட்டு வாடகையைப் போல மாதாமாதம் வரும். அதற்கு யாரும் பணம் தர மாட்டார்கள், எப்போது முடியும் என்றும் தெரியாது. நம்மில் பெரும்பாலோர் முதலாவதற்கு மட்டும் சேர்த்து வைக்கிறோம். இந்த வழிகாட்டி இரண்டாவதைப் பற்றியது.

மத்திய அரசின் மதிப்பீட்டின்படி 2021இலேயே தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை, அதிலும் ஒருவர் வெளியூரில் என்று குடும்பங்கள் சுருங்கிவிட்ட காலம் இது. உங்கள் பெற்றோர் இன்று நன்றாக நடமாடிக்கொண்டிருந்தால், இதைப் படிக்கச் சரியான நேரம் இதுதான்.

முதல் படி: எத்தனை மணி நேரம் ஆள் தேவை?

பராமரிப்புச் செலவைத் தீர்மானிப்பது நோயின் பெயர் அல்ல, ஆள் கூட இருக்க வேண்டிய நேரம். ஆறு வேலைகளைக் கவனியுங்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலம் அடக்குவது, தானாகச் சாப்பிடுவது. முதியோர் மருத்துவர்களும் இந்த ஆறை வைத்துத்தான் ஒருவர் எவ்வளவு பிறரைச் சார்ந்திருக்கிறார் என்று அளக்கிறார்கள். ஒரு வாரம் நோட்டுப் போட்டு, எந்த வேலைக்கு, எத்தனை மணிக்கு, யார் உதவினார்கள் என்று எழுதிவாருங்கள்.

இரவைத் தனியாக எழுதுங்கள். இரவில் ஒருமுறை எழுப்பினால் வீட்டில் உள்ளவர்களே சமாளித்துவிடலாம். மூன்று நான்கு முறை என்றால், பகலில் வேலைக்குப் போகிற மகளோ மருமகளோ இரண்டே மாதத்தில் நோயாளி ஆகிவிடுவார். பன்னிரண்டு மணி நேர ஆள் போதுமா, தங்கிப் பார்க்கும் இருபத்து நான்கு மணி நேர ஆள் வேண்டுமா என்பதை இரவுதான் முடிவு செய்கிறது. மொத்தக் கணக்கில் பெரிய தொகையும் இதுதான்.

மறதி நோய்க்கு மட்டும் இந்த அளவுகோல் பொருந்தாது. உடம்பு திடமாக இருக்கும், ஆறு வேலைகளையும் தாமே செய்வார். ஆனால் அடுப்பை எரியவிட்டு மறப்பார், விடியற்காலை மூன்று மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போவார். அவருக்கு வேண்டியது தூக்கிவிடும் கை அல்ல, கூடவே இருக்கும் கண். அதனால் மறதி நோயில் செலவு மிக முன்னதாகவே தொடங்கிவிடும், நீண்ட காலம் ஓடும்.

இன்னொன்று. ஏஜென்சிக்குப் போன் செய்தால், 'நர்ஸ் வேண்டுமா, அட்டெண்டர் வேண்டுமா?' என்று கேட்பார்கள். மூக்கில் குழாய், தொண்டையில் துளை, அடிக்கடி ஊசி என்றால் பயிற்சி பெற்ற நர்ஸ் தேவை. குளிப்பாட்ட, ஊட்ட, டயப்பர் மாற்ற அனுபவமுள்ள அட்டெண்டரே போதும். இரண்டுக்கும் கூலி வித்தியாசம் அதிகம். எது தேவை என்று டிஸ்சார்ஜ் அன்றைக்கே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

இரண்டாம் படி: மாதக் கணக்கு

இங்கே நான் போடுகிற தொகைகள் கணக்கை விளக்க மட்டுமே. உங்கள் ஊரில் இரண்டு ஏஜென்சி, ஒரு மருந்துக் கடை, ஒரு பிசியோதெரபிஸ்ட் என நான்கு பேரிடம் கேட்டு உங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். எழுந்து நடக்க முடியாத ஒரு தாயார், தங்கிப் பார்க்கும் ஆள் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம்.

தங்கிப் பார்க்கும் அட்டெண்டர், நாளுக்கு 900 ரூபாய்: 27,000
டயப்பர், நாளுக்கு மூன்று, ஒன்று 35 ரூபாய்: 3,150
பிசியோதெரபி, வாரம் மூன்று முறை, 500 ரூபாய் வீதம்: 6,500
மருந்து: 4,000
அட்டெண்டரின் சாப்பாடு, கையுறை, விரிப்பு, கிருமிநாசினி: 3,500
மருத்துவர், பரிசோதனை, ஆட்டோ: 2,000
கூடுதல் கரண்ட் பில், மற்றவை: 1,500

மொத்தம் 47,650. வீட்டுச் செலவு இதில் சேரவில்லை.

பலரும் விட்டுவிடுகிற செலவுகள் சிலவற்றைச் சொல்கிறேன். அட்டெண்டருக்கு வாராந்திர விடுமுறை உண்டு, அன்றைக்கு மாற்று ஆளுக்குத் தனிக் கூலி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர்களும் ஊருக்குப் போவார்கள், அந்த நாட்களில் ஆள் கிடைப்பதே பாடு, கிடைத்தால் கூலி கூடும். புதுத்துணி, போனஸ் இருக்கின்றன. எங்கள் கணக்கில் இவற்றை வருடத்துக்கு ஒரு மாதக் கூலி என்று தனியாக ஒதுக்கிய பிறகுதான் மாதக் கடைசியில் இழுபறி நின்றது.

செலவைக் குறைக்கிற இடங்களும் உண்டு. பகலில் டயப்பருக்குப் பதில், துவைத்துத் துவைத்து மென்மையான பழைய பருத்திச் சேலையை மடித்து விரிக்கலாம். பணம் மிச்சமாகும், தோலும் புண்ணாகாது. கட்டில், சக்கர நாற்காலி, ஏர் பெட் (காற்றடைத்த மெத்தை) ஆகியவற்றைப் புதிதாக வாங்க அவசரப்படாதீர்கள். மருத்துவமனைக் கட்டிலை மாத வாடகைக்குத் தரும் கடைகள் எல்லா நகரங்களிலும் இருக்கின்றன. முதல் மூன்று மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு, நீண்ட நாள் வேண்டும் என்று தெரிந்தால் பழையதை வாங்கலாம். ஆனால் ஏர் பெட் மட்டும் முதல் நாளே வந்துவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதை ஒரு வாரம் விட்டாலே படுக்கைப் புண் வந்துவிடும். அது வந்தால் வலி ஒருபக்கம், தினமும் புண் கட்டும் செலவு இன்னொரு பக்கம். ஆறவும் மாதக்கணக்கில் ஆகும்.

குளியலறையைப் பெற்றோருக்கு அறுபத்தைந்து வயது ஆகும்போதே மாற்றிவிடுங்கள். மேற்கத்திய கழிப்பறை, சுவரில் பிடிகம்பி, வழுக்காத தரை, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு. இடுப்பெலும்பு முறிவுக்குப் பிறகு படுத்தவர்கள் எழாமல் போன வீடுகளை நான் அக்கம்பக்கத்தில் பார்த்திருக்கிறேன். அந்தக் கம்பியின் விலை சில நூறு ரூபாய்தான்.

மூன்றாம் படி: கையில் உள்ளது எத்தனை ஆண்டு தாங்கும்?

வருமானப் பக்கத்தை எழுதுங்கள்: ஓய்வூதியம் அல்லது குடும்ப ஓய்வூதியம், வாடகை, வட்டி. பெற்றோருக்கு மொத்தமாகப் பணம் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது அஞ்சலகத்திலும் வங்கியிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 60 வயதுக்கு மேற்பட்டவர் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். கணவன் மனைவி இருவரும் தகுதி உள்ளவர்கள் என்றால் தனித்தனியே 30 லட்சம். இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். 30 லட்சத்துக்கு மாதம் 20,500 ரூபாய் என்று ஆகிறது. கணக்கு தொடங்கிய நாளின் வட்டிதான் ஐந்தாண்டுக்கும்.

இதில் அனுபவத்தில் கற்ற ஒன்று: 15 லட்சத்தை ஒரே கணக்காகப் போடாமல் ஐந்து ஐந்தாக மூன்று கணக்காகப் போடுங்கள். இடையில் ஒரு பகுதியை மட்டும் எடுக்க இதில் வழியில்லை, கணக்கையே முடிக்க வேண்டும். ஓராண்டு கழித்து முடித்தால் 1.5 சதவீதமும், இரண்டாண்டு கழித்து முடித்தால் 1 சதவீதமும் அசலில் பிடிப்பார்கள். மூன்று கணக்கு இருந்தால் அவசரத்துக்கு ஒன்றை உடைக்கலாம், மற்ற இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும். அஞ்சலக மாத வருமானத் திட்டம் அடுத்த வழி. 7.4 சதவீத வட்டியில் தனியாள் 9 லட்சம் போட்டால் மாதம் 5,550 ரூபாய்.

இப்போது மேலே சொன்ன தாயாருக்கு வருவோம். குடும்ப ஓய்வூதியம் 18,000. மூத்த குடிமக்கள் திட்டத்தில் 15 லட்சம், அதிலிருந்து மாதம் 10,250. ஆக மொத்தம் 28,250. செலவு 47,650. துண்டு விழுவது மாதம் 19,400. வங்கியில் இன்னொரு 10 லட்சம் இருக்கிறது என்றால், அதை 19,400ஆல் வகுத்து நான்கேகால் ஆண்டு தாங்கும் என்று மனம் சொல்லும்.

அது தாங்காது. ஆள் கூலி, மருந்து என்று மொத்தச் செலவும் ஆண்டுக்கு எட்டு சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால் இரண்டாம் ஆண்டில் துண்டு 23,200 ஆகிவிடும், மூன்றாம் ஆண்டில் 27,300. குடும்ப ஓய்வூதியத்தில் அகவிலைப்படி ஏறலாம், வட்டி ஏறாது. பத்து லட்சத்துக்கு வரும் வட்டியைச் சேர்த்துக்கொண்டாலும் நான்காம் ஆண்டு முடிவதற்குள் பணம் கரைந்துவிடும். எட்டு சதவீத ஏற்றத்தில் செலவு ஒன்பது ஆண்டில் இரட்டிப்பாகிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இந்தக் கணக்கைப் பார்த்து மிரள வேண்டாம். பணம் எந்த ஆண்டில் தீரும் என்று முன்கூட்டித் தெரிந்தால், அதற்கு இரண்டு ஆண்டு முன்னதாகவே முடிவெடுக்கலாம். கிராமத்து மனையை நிதானமாக நல்ல விலைக்கு விற்பதற்கும், மாதக் கடைசியில் அடித்துப் பிடித்து விற்பதற்கும் நடுவில் பல லட்சம் இருக்கிறது. ஆறு மாதச் செலவை எப்போதும் சேமிப்புக் கணக்கிலேயே வைத்திருங்கள். எங்கள் வீட்டில் அதுதான் இரண்டு முறை கை கொடுத்தது.

சொந்த வீடு உண்டு, கையில் பணம் இல்லை என்பவர்களுக்குத் தலைகீழ் அடமானம் என்று ஒன்று 2007இலிருந்து இந்தியாவில் இருக்கிறது. 60 வயதைக் கடந்தவர் தான் குடியிருக்கும் சொந்த வீட்டை வங்கியில் வைத்து மாதாமாதம் பணம் வாங்கிக்கொள்ளலாம். உயிரோடு இருக்கும்வரை வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. பிறகு வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை மீட்கலாம், இல்லையென்றால் வங்கி விற்று, மீதியை அவர்களுக்குத் தரும். நம் ஊரில் வீட்டை வைத்துச் சாப்பிடுவதா என்று பெரியவர்கள் கூச்சப்படுகிறார்கள். அவர்கள் உழைத்துக் கட்டிய வீடு, அது அவர்களைக் காப்பாற்றுவதில் கூச்சத்துக்கு இடமில்லை என்பது என் கருத்து. பிள்ளைகள்தான் முதலில் அதைச் சொல்ல வேண்டும்.

நான்காம் படி: காப்பீடு எதைத் தரும், எதைத் தராது

மருத்துவக் காப்பீடு மருத்துவமனை வாசலோடு பெரும்பாலும் நின்றுவிடும். அட்டெண்டர் கூலி, தனி நர்ஸ் கூலி, டயப்பர் ஆகியவை காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பொதுவாகத் தரப்படாதவை' பட்டியலிலேயே இருக்கின்றன. ஆக, மேலே போட்ட 47,650இல் பெரும்பகுதிக்குக் காப்பீட்டில் ஒரு பைசா வராது.

வருவது ஒன்று உண்டு, அதைப் பலர் கேட்காமலே விடுகிறார்கள். டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாளோ 90 நாளோ, அந்த நோய்க்கான மருந்து, பரிசோதனை, மருத்துவர் எழுதிக் கொடுத்த பிசியோதெரபி ஆகியவற்றுக்குப் பல பாலிசிகளில் பணம் உண்டு. மருந்துச் சீட்டும் பில்லும் தேதியோடு வேண்டும். முதல் நாளிலிருந்தே ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்குப் பாலிசி கிடைக்காது என்ற காலம் போய்விட்டது. 2024இல் அந்த வயது வரம்பு நீங்கியது, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பும் அதிகபட்சம் மூன்று ஆண்டு என்று குறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. இருந்தாலும் வயதானவர்களுக்குப் பிரீமியம் அதிகம்தான். மருத்துவமனைப் பில் வந்து பராமரிப்புக்கான சேமிப்பைத் தின்றுவிடாமல் காப்பது ஒன்றே அதன் வேலை என்று எண்ணி வாங்குங்கள்.

ஐந்தாம் படி: அரசுப் பக்கம் கேட்டுப் பெற வேண்டியவை

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பராமரிப்பைத் தொடுகிற திட்டம் இது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வரும். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் நோய் தணிப்புச் சிகிச்சையும் (வலியையும் வேதனையையும் குறைப்பது) உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். வசதியுள்ளவர்கள் இது ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுங்குகிறார்கள். நோய் தணிப்புச் செவிலியர் வந்து, யூரின் குழாயை எப்படிச் சுத்தமாக வைப்பது, புண் வராமல் எப்படித் திருப்புவது என்று வீட்டாருக்குச் சொல்லிக் கொடுப்பது காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்காது.

70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரையிலான மருத்துவமனைச் சிகிச்சையை ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று சேர்த்தது. தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்தது. பதிவு விவரத்தை ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் ஆதாரோடு போய்க் கேளுங்கள். இதுவும் மருத்துவமனைச் செலவுக்குத்தான்.

சென்னை கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியிலிருந்து இயங்குகிறது. ஒரே நபருக்கு ஐந்து டாக்டர்கள் எழுதிய பதினான்கு மாத்திரைகளை ஒருவர் உட்கார்ந்து பார்த்துக் குறைக்க வேண்டும் என்றால், அது முதியோர் மருத்துவரின் வேலை. மருந்துச் செலவும் குறையும்.

ஓய்வூதியம் வாங்குபவர்கள் ஒன்றைச் சரிபாருங்கள். மத்திய அரசு ஓய்வூதியத்திலும் குடும்ப ஓய்வூதியத்திலும் 80 வயதில் 20 சதவீதம் கூடும், 85இல் 30, 90இல் 40 என்று ஏறும். அப்பாவின் ஓய்வூதிய ஆணையில் அம்மாவின் பிறந்த தேதி இல்லாவிட்டால் இந்த உயர்வு தானாக வராது. இன்றைக்கே அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். உதவி எண் ஒன்றும் குறித்துக்கொள்ளுங்கள்: 14567, முதியோருக்கானது, கட்டணமில்லை.

ஆறாம் படி: கையெழுத்துப் போட முடிகிறபோதே

அம்மாவின் சேமிப்புக் கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்தது. வலது கை போய்விட்டது, பேச்சும் குழறியது. அவருடைய பணத்தை அவருக்காகவே எடுக்க எங்களால் ஏழு வாரம் முடியவில்லை. வங்கிக்குப் போகும்போதெல்லாம் ஒரு புதிய தாள் கேட்டார்கள். அந்த ஏழு வாரமும் தங்கை நகையை அடகு வைத்துத்தான் ஓட்டினோம். அதனால் இந்தப் படியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கூட்டுக் கணக்கு. பெற்றோரின் சேமிப்புக் கணக்கிலும் வைப்பு நிதியிலும் நம்பிக்கையான ஒரு பிள்ளையின் பெயரை 'இருவரில் எவரும் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற முறையில் சேருங்கள். வங்கியில் 'ஐதர் ஆர் சர்வைவர்' என்று கேட்டால் உடனே புரியும். நாமினி போட்டாயிற்றே என்று விட்டுவிடாதீர்கள். நாமினிக்கு அவர் இறந்த பிறகுதான் வேலை, அவர் உயிரோடு படுத்திருக்கும்போது நாமினியால் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. ஓய்வூதியக் கணக்கில் பிள்ளையைச் சேர்க்க வங்கி ஒப்பவில்லை என்றால், மாதாமாதம் குறிப்பிட்ட தொகை அதிலிருந்து கூட்டுக் கணக்குக்குத் தானாகப் போகும்படி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போட முடியாமல் போனால் வழியே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். அறிவு தெளிவாக இருந்து உடல் மட்டும் முடியாதவர்களுக்கு, கைநாட்டு வைக்கலாம், அதுவும் முடியாவிட்டால் கால் கட்டைவிரல் ரேகை வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் விதியே இருக்கிறது. இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அலுவலர். இது எனக்கு எட்டாம் வாரத்தில்தான் தெரிந்தது. கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தரவும் வங்கிகளுக்கு அறிவுறுத்தல் உண்டு. ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ்ச் சான்றை அஞ்சல்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை வாங்கிப் பதிவார்.

இரண்டாவது, பவர் பத்திரம். 'அதான் பவர் எழுதியாச்சே' என்பார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் எழுதிக் கொடுத்தவருக்குச் சித்தம் தவறினால் அந்தப் பவரும் செத்துவிடும். மறதி நோய் முற்றிய பிறகு அந்தத் தாளால் பயனில்லை, காப்பாளராக நியமிக்கக் கோரி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டிவரும். மறதியின் முதல் அறிகுறிகள் தெரிந்தவுடன், சிகிச்சை தொடங்கிய அதே மாதத்தில், கூட்டுக் கணக்கையும் உயிலையும் முடித்துவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். உயில் எழுதும்போது தெளிவோடு இருந்தார் என்று மருத்துவரிடம் ஒரு சான்று வாங்கி இணைப்பது பின்னால் வழக்கு வராமல் காக்கும்.

மூன்றாவது, வீடு. இதைப் பெற்றோருக்குச் சொல்கிறேன். பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி, உயிரோடிருக்கும்போதே வீட்டைப் பிள்ளை பெயருக்கு மாற்றும் செட்டில்மென்ட் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள். உயில் எழுதினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், செட்டில்மென்டைப் பதிந்த பிறகு நினைத்தபடி மாற்ற முடியாது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு வரிகள் பத்திரத்தில் இருக்கட்டும்: ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் வாழும் அனுபவ உரிமை, அடிப்படைத் தேவைகளைக் கவனித்துப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை. 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, நிபந்தனையை மீறினால் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்ய இடம் தருகிறது. மனுவைக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். நிபந்தனை எழுதாத பத்திரங்களிலும் சில தீர்ப்புகள் பெற்றோர் பக்கம் வந்திருக்கின்றன. ஆனாலும் 2022இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனை அவசியம் என்றது, ஆகவே எழுதி வைப்பதுதான் பாதுகாப்பு. இதே சட்டத்தில் பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். நம் மாதக் கணக்கோடு ஒப்பிட்டால் அது போதாது என்பது உங்களுக்கே தெரியும்.

நான்காவது, கடைசிக் காலச் சிகிச்சை பற்றிய முன்விருப்ப ஆவணம். தேறும் வாய்ப்பே இல்லாத நிலையில் வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதை ஒருவர் முன்பே எழுதி வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அலுவலரின் கையொப்பம் போதும். பணம் மிச்சப்படுத்த இதை எழுதச் சொல்லாதீர்கள். அவர்கள் விரும்பினால் எழுதட்டும். ஐசியு வாசலில் நின்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தவிக்கும் அந்த இரவை இது மிச்சப்படுத்தும்.

ஏழாம் படி: வீடா, முதியோர் இல்லமா?

கோயம்புத்தூரிலும் சென்னையைச் சுற்றியும் ஓய்வுக்கால வளாகங்கள் நிறைய வந்துவிட்டன. போய்ப் பார்த்தால் தோட்டம், பஜனை மண்டபம், நல்ல சாப்பாடு. அவற்றில் பல, நடமாடும் பெரியவர்களுக்கானவை. படுத்துவிட்டால் அட்டெண்டரை நீங்களே தனிக் காசில் வைக்க வேண்டும், இல்லை வேறு இடம் தேட வேண்டும். ஆகவே முன்பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்க வேண்டியது: படுக்கையில் விழுந்தால் வைத்துக்கொள்வீர்களா, அப்போது மாதக் கட்டணம் எவ்வளவு? முன்பணத்தில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும்? மருத்துவமனையில் ஒரு மாதம் இருந்தால் அந்த மாதமும் முழுக் கட்டணமா? ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏற்றுவீர்கள்? இரவில் எத்தனை பேருக்கு ஒரு பணியாளர்? கடைசிக் கேள்விக்குப் பதிலை அவர்கள் வாயால் கேட்பதைவிட, இரவு எட்டு மணிக்குச் சொல்லாமல் போய் நீங்களே பாருங்கள். நுழைந்ததும் மூத்திர வாடை அடிக்கிறதா என்பதே பாதிப் பதில்.

சேர்ப்பது பாவம் என்று நினைத்துக் குமைகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாள் முழுக்க வீட்டில் தனியாகப் பூட்டிவைத்துவிட்டு வேலைக்குப் போவதைவிட, நல்ல இல்லத்தில் நாலு பேரோடு இருப்பது மேல்.

எட்டாம் படி: உடன்பிறந்தவர்களோடு பேசுவது

பணம் அனுப்புகிறவர் ஒருவர், மலம் கழுவுகிறவர் இன்னொருவர் என்றுதான் பெரும்பாலும் அமையும். பணத்துக்குக் கணக்கு இருக்கிறது, உழைப்புக்கு இல்லை. அதையும் கணக்கில் எழுதுங்கள். அட்டெண்டர் இல்லாமல் மகளோ மருமகளோ பார்த்துக்கொண்டால், அந்த 27,000 செலவாகாத பணம் அல்ல, அவர் கொடுத்த பணம். வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பவராக இருந்தால் அவருடைய வருங்கால வைப்பு நிதியும் நின்றுபோகிறது. மற்றவர்கள் அவர் பெயரில் மாதம் ஒரு தொகை போட வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

எங்கள் வீட்டில் நான் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு போட்டேன். தங்கை அம்மாவோடு இருந்தாள். வருடத்துக்கு இருபது நாள் நான் போய் இருந்து, அவளை எங்காவது அனுப்பிவைப்பேன். மாதக் கணக்கு வாட்ஸ்அப்பில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். சண்டை வரவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் பணத்தைப் பற்றி வரவில்லை.

அப்புறம், பெற்றோரிடம் பேச்சைத் தொடங்குவது எப்படி என்று கேட்பார்கள். 'உங்கள் சொத்து விவரம் என்ன?' என்று தொடங்கினால் எந்த அப்பாவும் முகம் திருப்பிக்கொள்வார். 'பாட்டி படுத்திருந்தப்போ எப்படிப்பா சமாளிச்சீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். அவரே பேசுவார், அப்போது யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை, தனக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் வரும். அன்றைக்கு நோட்டை எடுக்காதீர்கள், அடுத்த முறை எடுக்கலாம்.

ஆள் வைக்கும்போது

ஒரு ஏஜென்சியில் ஒரு மாதக் கூலியை முன்பணமாகக் கொடுத்தோம். வந்தவர் இரண்டாம் நாளே கிளம்பிவிட்டார், மாற்று ஆளும் வரவில்லை, பணமும் வரவில்லை. அதன்பிறகு பதினைந்து நாளுக்கு மேல் முன்பணம் கொடுத்ததில்லை. மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார், நம் கூலியில் ஏஜென்சி எடுப்பது எவ்வளவு, மீதி வேலைக்கு வருபவரின் கைக்கு எப்போது போகிறது என்று கேளுங்கள். கைக்கு ஒழுங்காகப் போகாத இடத்திலிருந்து வருகிறவர்கள் நிலைக்க மாட்டார்கள். ஆதார் நகலை வாங்கி, நகையையும் பத்திரத்தையும் லாக்கரில் வைத்துவிட்டு, அதன்பின் அவரைச் சந்தேகத்தோடு பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். அவர் தூங்க ஓர் இடம், நாம் சாப்பிடுகிற அதே சாப்பாடு, வாரம் ஒரு நாள் ஓய்வு. எங்களோடு கடைசி நான்கு ஆண்டு இருந்தவரை அம்மா 'சின்னப் பொண்ணு' என்றுதான் கூப்பிடுவார்.

நோட்டை எப்போது திறப்பது?

மூத்த குடிமக்கள் திட்டத்தின் வட்டி ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் தேதிகளில் வரும். அதில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் நோட்டைத் திறந்துவிடுங்கள். ஆறு வேலைகளில் எத்தனை இப்போது முடிகிறது, இரவில் எத்தனை முறை எழுப்புகிறார், ஆள் கூலி எவ்வளவு ஏறியது, துண்டு எவ்வளவு, பணம் எந்த ஆண்டு வரை வரும் என்று ஐந்து வரி எழுதித் தேதி போட்டு, உடன்பிறந்தவர்களுக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அரை மணி நேர வேலை.